கேட்டையும் கணினியும்

தமிழாசிரியனுக்குத் தொலைகாட்டியின் பக்கத்தில் யாது அலுவல் என்று நண்பர் சிலர் நகைப்பதுண்டு. கேட்டை, உரோகிணி, திருவாதிரை என நாண்மீன்களின் பெயரை வகுப்பிலே சொல்லிக் கொடுப்பவன், அவற்றை வானத்திலே சுட்டிக் காட்டவும் கடமைப்பட்டவன் என்பதே என் விடை. கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர் ஒருவர், மோட்டார் பூட்டிய தாங்கியோடு கூடிய தொலைகாட்டி ஒன்றைக் கல்லூரிக்கு அன்பளிப்பாக அனுப்பிவைத்தார். அன்று முதல் விஞ்ஞான ஆசிரியரோடு அடியேனும் இரவில் மைதானத்து மூலையில் நிற்பவனாயினேன்.

தொலைகாட்டிக்கு மோட்டார் எதற்கு? பூமி 23 மணி 56 நிமிடம் 4 செக்கனில் ஒருமுறை சுழல்கின்றது. ஆகவே அரைப்பாகை அகலமான காட்சியிலே புகும் கோள் ஒன்று இரண்டு நிமிடத்தில் மறுகரையால் வெளியேறி விடும். நாற்பது மாணவர் வரிசையில் நிற்க, மூன்றாமவன் கண்ணை வைக்குமுன் வெறும் இருளே எஞ்சும். வானத்தோடு கூடவே குழாயும் நகர்தல் வேண்டும்.

மேல்நாட்டார் பலர், அச்சொன்றைத் துருவ மீனை நோக்கிச் சாய்த்து நிறுத்தும் தாங்கியை விரும்புவர். யாழ்ப்பாணத்திலோ துருவ மீன் அடிவானுக்கு மேலே பத்துப் பாகைக்கும் குறைந்த உயரத்தில், பெரும்பாலும் பனந்தோப்புக்குப் பின்னே மறைந்து நிற்கும். ஆதலால் கிடையாக ஓரச்சும் மேல்கீழாக ஓரச்சும் உடைய நமது தாங்கியே இவ்வூருக்கு ஏற்றது. அதற்கும் ஒரு குறையுண்டு. கோள்கள் இங்கே உச்சிக்கு மிக அண்மையாகச் செல்வன. அவ்வேளை குழாய் சடுதியாகத் திசை மாற வேண்டியிருத்தலின், தாங்கி திணறும். சிறிது நேரம் பொறுத்திருப்பதே அதற்கு மருந்து.

இனிக் கணினியின் தொழிலைச் சொல்வேன். ஸ்டெல்லேரியம் என்பது பாபியன் செரோ என்னும் பிரெஞ்சுக்காரர் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய மென்பொருள், இலவசமாகக் கிடைப்பது. அகலாங்கு, நெட்டாங்கு, நேரம் ஆகிய மூன்றையும் கொடுத்தால் அக்கணத்து வானத்தைத் திரையில் விரித்துக் காட்டும். ஒரு வடத்தினாலே கணினியைத் தாங்கியோடு இணைத்து, திரையில் ஒரு மீனைத் தெரிந்து, உரிய சாவிகளை அழுத்தினால், குழாய் மெல்லென முனகிக்கொண்டு அத்திசைக்குத் திரும்பும். வடத்தினூடே நடைபெறும் உரையாடல் வியப்பானது. கணினி ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்து ஒன்றை அனுப்பும். தாங்கி தான் நோக்கும் இடத்தை இரண்டு எண்களாக விடையிறுக்கும். முழு வட்டத்தையும் 65,536 கூறாக்கிச் சொல்லப்படும் எண்கள் அவை. ஒரு கூறு ஏறத்தாழ 20 விகலை. இத்துணைச் சுருங்கிய வினாவையும் விடையையும் நம் மாணவர் பரீட்சைத் தாளில் நான் கண்டதில்லை.

ஆயினும் தாங்கி பிறவிக் குருடு. சுவிச்சைப் போட்டவுடன் அதற்குக் கிழக்கும் தெரியாது, மேற்கும் தெரியாது. இரண்டு மீன்களை மனிதனே இனங்கண்டு, பார்வை வில்லையின் நடுவே நிறுத்தி, ‘இது இன்ன மீன்’ என்று அதற்குச் சொல்லுதல் வேண்டும். மென்பொருள் இதனைச் செய்து தராது. பொத்தானை அழுத்தினால் மீன் வருமாயின் பிள்ளைகள் வானத்தைப் படிப்பரோ என்று மூத்த ஆசிரியர் ஒருவர் கடிந்துகொண்டார். வானத்தை அறியாதவன் பொத்தானை அழுத்திப் பயனில்லை என்று அவருக்கு விளக்கினேன். வானத்தைத் தானே படம்பிடித்து மீன்களை அறிந்துகொள்ளும் பொறிகளும் இன்று விற்பனைக்கு உள்ளன. பள்ளிக்கூடத்துக்கு அவை வேண்டா என்பது என் துணிபு.

இன்னுமொரு நுட்பம் உண்டு. மென்பொருளிலே 2000ஆம் ஆண்டின் ஆள்கூறு, இன்றைய ஆள்கூறு என இரண்டு தெரிவுகள் உள. நமது தாங்கி இன்றையதையே எதிர்பார்ப்பது. முந்தியதைத் தெரிந்தால், கோள் பார்வைக்கு வெளியே 21 கலை தள்ளி நிற்கும். காரணம், பூமியின் அச்சு மெல்ல மெல்லத் திசை மாறுவதால் சமவிரவுப் புள்ளி ஆண்டொன்றுக்கு 50 விகலை நகர்வதே. இதனை உயர்தர வகுப்பு மாணவர்க்கு விளக்கியபோது, சோதிடர் வீட்டுப் பிள்ளையொருவன் எழுந்து, “சேர், இது அயனாம்சம் அல்லோ?” என்றான். அதுவே தான். பஞ்சாங்கக்காரர் தலைமுறை தலைமுறையாகக் கூட்டியும் கழித்தும் வந்த கணக்கு, மேல்நாட்டு மென்பொருளின் ஒரு மூலையில் இரண்டு தெரிவுகளாக இருந்தது.

2025ஆம் ஆண்டுப் புரட்டாதிச் சனியொன்றில் பெற்றோரையும் அழைத்திருந்தோம். மாலை ஏழு மணியளவில் தென்மேற்கே கேட்டை செந்நிறமாய்த் தெரிந்தது, வடக்கே அபிசித்து. திருவோணம் உச்சிக்கு அண்மையில் நின்றமையால் அதனை விலக்கி, இவ்விரண்டையுமே தாங்கிக்குக் காட்டத் தீர்மானித்தோம். கைக்கருவியின் பட்டியலிலே அவை அன்ராரிஸ், வேகா என்றே இருக்கும். “கேட்டை எது?” என்று நான் வினவ, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் வாய்திறவாமல் நின்றான். அவனுடைய பிறந்த நட்சத்திரமே கேட்டை. கோயிலிலே அருச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்லும் போதெல்லாம் அச்சொல்லைக் கேட்டு வளர்ந்தவன். விரலை நீட்டிக் காட்டினேன். குழாயை அவனே திருப்பி, மீனை நடுவே கொணர்ந்து, பொத்தானை அழுத்தினான். அழுத்திய பின்னும் கண்ணை எடுக்க மனமில்லாமல் நின்றான். பின்னே நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் அவர்களைப் பொறுக்கச் சொன்னேன்.

எட்டரை மணிக்குக் கிழக்கே சனி போதிய உயரம் ஏறியிருந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலே பூமி சனியின் வளையத் தளத்தைக் கடந்தமையால், வளையம் இன்னும் விளிம்புப் புறமாகவே இருந்து, கோளின் குறுக்கே ஊசியாற் கீறிய கோடு போலத் தோன்றிற்று. புத்தகப் படத்தை எதிர்பார்த்து வந்த சிறுவர்க்கு அது ஏமாற்றமே. அன்று காலை கோயிலிலே எள்ளெண்ணெய் எரித்து வந்த தந்தையொருவர் நெடுநேரம் நோக்கிவிட்டு நிமிர்ந்து, “உவரோ மாஸ்டர் எங்களை இந்த ஆட்டு ஆட்டுறவர்?” என்றார். சிரிப்பு அடங்கியபின் மறுபடியும் குனிந்து ஒருமுறை பார்த்தார். மோட்டார் சனியை விடாது பற்றிக்கொண்டிருந்தது. நாற்பது பேருக்கு மேல் கண்டார்கள்.

இப்பொழுது மாணவர் சிலர் வேறொரு வேலையில் ஈடுபட்டுள்ளனர். அம்மென்பொருளில் வெவ்வேறு மக்களின் வானப் பெயர்கள் தனித்தனிக் கோப்புகளாக உள்ளன. அவற்றைப் போல எவரும் புதிது எழுதிச் சேர்க்கலாம். இருபத்தேழு நாண்மீன்களையும் நம் பெயராலேயே திரையில் தெரியச் செய்ய முயல்கின்றனர். சித்திரை, மகம், உரோகிணி முதலியவை இலகுவில் முடிந்தன. சதயமும் ரேவதியும் மங்கிய மீன்கள். ரேவதிக்கு உரியதென நூலோர் கொள்ளும் மீனைச் சந்திரிகை இல்லாத இரவிலும் வெறுங்கண்ணாற் காண்பது அரிது. அதனைத் தொலைகாட்டியில் ஒருமுறை காணாமல் பெயரிட மாட்டோம் என்று பிடிவாதமாக இருக்கின்றார்கள். மாரி மழை விட்டபின் பார்ப்பதாக எண்ணம்.