நூறு எலக்ட்ரான் போட்டால் எத்தனை ஒளித்துகள்?

பி.காம். படிக்கிறவனுக்கு பாலிமர் எல்.ஈ.டி.யில் என்ன வேலை என்கிறீர்களா? வரவு செலவு பார்க்கிற வேலைதான்!

1990-இல் கேம்பிரிட்ஜில் பரோஸ், பிராட்லி, ஃபிரெண்ட் குழுவினர் பிபிவி என்ற பாலிமரின் மெல்லிய படலத்தில் மின்சாரம் பாய்ச்சி ஒளி வரவழைத்தார்கள். செயல்திறன் அதிகபட்சம் 0.05%. அதாவது 10,000 எலக்ட்ரான் செலவு, 5 ஒளித்துகள் வரவு. எந்தக் கடைக்காரரும் அன்றைக்கே ஷட்டரை இறக்கியிருப்பார்.

நட்டம் மூன்று இடத்தில்.

முதலில் வாசல். ஒரு பக்கத்திலிருந்து எலக்ட்ரான், எதிர்ப்பக்கத்திலிருந்து நேர்மின் 'துளை' வந்து ஜோடி சேர்ந்தால்தான் ஒளி. அலுமினிய மின்முனையிலிருந்து எலக்ட்ரான்கள் சுலபமாக உள்ளே வரவில்லை. 1991-இல் பிரவுனும் ஹீகரும் வேறொரு பிபிவி வகைப் பாலிமரோடு கால்சியம் மின்முனையைச் சேர்த்தார்கள். திறன் சுமார் 1% ஆனது. ஆனால் கால்சியத்துக்குக் காற்றும் ஈரமும் ஆகாது, இறுக்கமாக மூடி வைக்க வேண்டும். அதுவும் ஒரு செலவு.

அடுத்து ஜோடி. குவாண்டம் விதிப்படி சாதாரணப் பாலிமரில் சேரும் நாலு ஜோடியில் சுமார் ஒன்றுதான் ஒளி தரும் வகை. மற்றவை பெரும்பாலும் வெப்பமாக வீணாகும். இரிடியம் சேர்ந்த சாயம் கலந்தால் அந்த மூன்றையும் ஒளிர வைக்கலாம். இரிடியமோ அரிய உலோகம். 2012-இல் ஜப்பானின் அடாச்சி குழு, உலோகமே இல்லாத கரிம மூலக்கூறுகளில் இதைச் சாதித்துக் காட்டியது.

மூன்றாவது, எனக்குப் பிடித்த நட்டம். உண்டான ஒளியில் சுமார் 20% மட்டுமே வெளியே வருகிறது. மீதி படலத்துக்குள்ளும் கண்ணாடிக்குள்ளும் எதிரொளித்தே அடங்கிவிடுகிறது. சரக்கு தயார், ஆனால் குடோனைத் தாண்டவில்லை! கண்ணாடி மேல் நுண்ணிய லென்ஸ்களை ஒட்டினால் வெளியேறும் ஒளி ஒன்றரை மடங்காகும் என்று 2002-இலேயே காட்டிவிட்டார்கள்.

இவை கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு. நாலில் ஒன்று, அதில் ஐந்தில் ஒன்று என்றால் 100-க்கு 5. எந்த இடத்தில் இரட்டிப்பாக்கினாலும் மொத்தமும் இரட்டிப்பு. அப்படியென்றால் எங்கே செலவு குறைவோ அங்கே கை வைப்பதுதான் வியாபாரம்.

இதில் கரண்ட் பில் மட்டும் விஷயமில்லை. திறன் கூடினால் அதே வெளிச்சத்துக்குக் குறைந்த மின்னோட்டம் போதும், பாலிமரும் நிதானமாகத்தான் தேயும். மை போல அச்சடித்து மலிவாகத் திரை செய்யலாம் என்பதுதான் பாலிமரின் ஆசை. ஆனால் இன்று விற்கும் ஓ.எல்.ஈ.டி. போன், டிவிகளில் பெரும்பாலும் இருப்பது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைக்கிற சிறு மூலக்கூறுகள். மலிவாகச் செய்ய முடிந்தால் மட்டும் போதாது, நல்லா எரியணும், நாள்பட எரியணும். சந்தை அதைத்தான் கேட்கிறது.