கையில் என்ன இருக்கிறது?

தோழர்களே, வர்க்கம் என்றதும் பேச்சு சம்பளத்துக்குப் போய்விடுகிறது. மாதம் பத்தாயிரம் வாங்கினால் ஏழை, ஐம்பதாயிரம் வாங்கினால் நடுத்தரம் என்கிறோம். மார்க்ஸ் கேட்ட கேள்வி வேறு: உற்பத்திக்கு வேண்டிய நிலமும் கருவியும் யாருடையவை, உழைப்பை விற்றால்தான் சோறு என்ற நிலையில் இருப்பவர் யார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இதற்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. இங்கே இரும்பு உருக்கும் ஆலைகள் உண்டு. உலைக்கு முன்னால் எங்கள் காலனிப் பிள்ளைகளும் பீகார், ஒடிசா தம்பிகளும் நிற்கிறார்கள். காண்ட்ராக்ட் வேலைதான். ஆண்டு முழுக்க நடக்கும் வேலையில் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய 1970 சட்டம் அரசுக்கு அதிகாரம் தந்திருந்தது. அதிகாரம்தான், கட்டாயமில்லை!

ஆலை முதலாளியை நாங்கள் பார்த்ததே இல்லை. பார்ப்பதெல்லாம் நடுவில் இருப்பவர்களைத்தான். ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர், வேன்காரர், தண்ணீர் லாரி வைத்திருப்பவர், வடமாநிலத் தம்பிகளுக்கு அறை கட்டி வாடகை வாங்குபவர். எங்கள் பக்கம் இவர்கள் பெரும்பாலும் ஊர்த்தெருக்காரர்கள். ஆலைகள் வந்தபோது அவர்களிடம் நிலம் இருந்தது. அந்த நிலம் அறையானது, லாரியானது. எங்களிடம் இருந்தது கை மட்டும்.

ஏன் கை மட்டும்? இது தற்செயல் இல்லை. திருவள்ளூர் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்தது. அம்மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். நிலமில்லாமல் இவர்கள் நிமிர முடியாது என்பது அதன் சாரம். 1892இல் பஞ்சமி நில ஒப்படைப்பு தொடங்கியது. பத்தாண்டு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை தாளில் நின்றது, நிலம் கைமாறியது. அதை மீட்கக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

தொழிற்சங்கத் தோழர்கள் "உலைச்சூட்டுக்கு சாதி தெரியாது" என்பார்கள். உண்மைதான். ஆனால் ஷிப்ட் முடிந்து ஒருவர் ஊருக்கும் ஒருவர் காலனிக்கும் போகிறோமே! வேலைநிறுத்தம் வந்தால் அரை ஏக்கர் நெல் உள்ளவர் இரண்டு மாதம் தாங்குவார். நாங்கள் இரண்டாவது வாரமே கடைக்காரரிடம் கைகட்டி நிற்போம். 1921இல் சென்னை பி அண்டு சி ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டு சேரி எரிந்தது. கருங்காலிகள் என்று இன்றும் எழுதுகிறவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் எத்தனை நாளைக்கு அரிசி இருந்தது என்று எழுதியவர்களை அதிகம் காணோம்.

1938இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் அம்பேத்கர் பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டையும் எதிரிகள் என்றார். எங்களுக்கு அந்த இரண்டும் ஒரே வாடகை வீட்டில் குடியிருக்கின்றன.

மாணவத் தோழர்கள் விடுமுறையில் ஊருக்குப் போனால் தகவல் உரிமைச் சட்டத்தில் தாலுகா அலுவலகத்தில் மனு போடுங்கள். உங்கள் கிராமத்தின் 'அ' பதிவேட்டையும் பழைய நில ஒப்படைப்புப் பதிவுகளையும் கேளுங்கள். பஞ்சமி நிலம் எந்த சர்வே எண்ணில் இருக்கிறது, இன்று அதன் மேல் எந்தக் கட்டடம் நிற்கிறது என்று பார்த்து வாருங்கள்.