இரண்டு வாயில்கள்

தேர்வு எழுதுவது எளிது, தேர்ந்தெடுப்பதே அரிது. தேர்வு வினாவுக்குச் சரியான விடை ஒன்று உண்டு. வாழ்க்கை நீட்டும் வினாத்தாளிலோ சில வேளைகளில் இரண்டு விடைகளுமே சரியாக இருந்துவிடுகின்றன. அப்போதுதான் வீடு கலங்குகிறது.

திண்டுக்கல்லில் வாழும் என் தங்கையின் மகள் 2024ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். அவள் தந்தை வயரிங் வேலை செய்பவர். அந்த வீட்டில் பட்டம் பெறப் போகும் முதல் பிள்ளை அவளே. கணிப்பொறி அறிவியல் பயில இரண்டு வாயில்கள் அவள்முன் திறந்திருந்தன. ஒன்று, திருச்சியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம். மற்றொன்று, அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிப் பொறியியல் கல்லூரி. முன்னதற்கு ஜே.இ.இ. நுழைவுத்தேர்வின் தரவரிசை வழியாக இடம் கிடைத்துவிட்டது. பின்னதற்கோ கணிதம் நூறு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது என இருநூற்றுக்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மதிப்பெண்ணே போதும். 2007 முதல் அதற்கு நுழைவுத்தேர்வு இல்லை. அவளுடைய மதிப்பெண்ணுக்குக் கிண்டியும் ஏறத்தாழ உறுதி. ஆனால் தமிழகக் கலந்தாய்வு தொடங்குமுன்பே திருச்சியை ஏற்பதா, விடுவதா என்று சொல்லியாக வேண்டும்.

எது பெரியது என்னும் வினாவைத் தெரு முழுவதும் எழுப்பியது. கிண்டியின் வேர் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் இருக்கிறது. திருச்சி நிறுவனம் 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகப் பிறந்து, 2003இல் இன்றைய பெயரைப் பெற்றது. ஒருவர் பழமையைப் புகழ்ந்தார். மற்றொருவர் ‘மத்திய அரசு’ என்னும் சொல்லையே போதுமான சான்றாகக் கொண்டார். ஆனால் அவள் கற்கவிருந்த கல்வியின் அடிப்படை இரண்டிடத்திலும் ஒன்றே. தரவுக் கட்டமைப்பு, அல்காரிதம், இயக்க முறைமை, கணிப்பொறி வலையமைப்பு ஆகியவை ஊருக்கு ஊர் மாறுவதில்லை. நிரலை எந்திரமே எழுதித் தரத் தொடங்கிவிட்ட இந்நாளில், அந்த அடிப்படைகளை ஆழக் கற்பவரே நிலைப்பர்.

பெருமையைப் பேசி முடித்தபின் பணத்தைப் பற்றிய அச்சம் எழுந்தது. திருச்சியில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் என்று கேட்டவுடன், என் தங்கை பேச்சின்றி உள்ளே சென்று நகைப்பெட்டியை எடுத்து வந்தாள். 1954இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்ற அப்துல் கலாம், பின்னர் சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, தமக்கை சோகரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். தமிழ்நாட்டில் எத்தனையோ பட்டங்களுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் வெறுங்கை இருக்கிறது.

பெட்டியை மூடச் சொன்னவள் அந்தப் பெண்தான். விதிமுறைகளை அவள் வரி வரியாகப் படித்திருந்தாள். குடும்ப ஆண்டு வருமானம் ஒரு இலட்சத்துக்குக் குறைவாயின் அங்கே கல்விக் கட்டணம் முழுவதும் விலக்கு; ஒன்று முதல் ஐந்து இலட்சம் வரையாயின் மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. அவர்கள் இரண்டாம் பிரிவில் வந்தார்கள். எனவே ஆண்டுக்கு ஏறத்தாழ 41,700 ரூபாயும் விடுதிச் செலவுமே எஞ்சின. கிண்டியிலோ முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை இருந்தது. கிண்டியே சிக்கனம் எனினும், நகையை விற்றாக வேண்டிய இடைவெளி இல்லை. கணக்கை எழுதிப் பார்த்ததும் அச்சம் பாதி கரைந்தது.

“மாமா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டாள். என் மனம் கிண்டியையே நாடியது, இன்றும் அப்படியே. செலவு குறைவு, பழகிய மொழி, தலைநகரின் வாய்ப்புகள் ஆகியவற்றைச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “திருச்சியில் பாதி இடங்கள் வெளிமாநிலத்தவருக்கு. இதுவரை என்னை அறிந்தவர்கள் நடுவிலேயே படித்துவிட்டேன். அறியாதவர்கள் நடுவில் எழுந்து கேள்வி கேட்க இப்போது பழகாவிட்டால் எப்போது பழகுவேன்? பயந்துபோனால் நூறு கிலோமீட்டரில் அம்மா இருக்கிறார். வகுப்பறை தொலைவாகவும் வீடு அருகாகவும் இருக்கட்டும், மாமா.”

நாங்கள் எவரும் எண்ணிப் பார்க்காத காரணம் அது. எந்தத் தரவரிசைப் பட்டியலிலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை. தன் துணிவின் அளவையும் தன் அச்சத்தின் அளவையும் அறிந்த ஒருத்தியால் மட்டுமே சொல்லக்கூடிய காரணம். அவள் அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பின்னர், “சரிம்மா” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு வலிமை வேண்டும் என்பதைப் பெற்றோர் அறிவர்.

பிள்ளைகள் இரண்டு நல்ல வழிகளுக்கு நடுவே நிற்கும்போது பெரியவர்களின் கடமை எதுவெனப் பலமுறை எண்ணிப் பார்க்கிறேன். உண்மைகளைத் தேடித் தருவது ஒன்று. கடன் எவர் தோளில் ஏறும் என்பதை ஒளிக்காமல் சொல்வது மற்றொன்று. நம் விருப்பத்தை ஒருமுறை கூறிவிட்டு விலகி நிற்பது மூன்றாவது. மூன்றிலும் கடினமானது இதுவே. நாம் தேர்ந்து கொடுத்த கல்லூரியில் ஒரு தேர்வில் தோற்றால் பிள்ளை நம்மை நோகும். தானே தேர்ந்த இடத்தில் தோற்றால் மறுநாள் மீண்டும் புத்தகத்தைத் திறக்கும். அந்த உரிமையை நம் அன்பினால் பறித்துவிடாதிருப்போம்.