ஓட்டுப் போட்டவர் எட்டுப் பேர்

நண்பனுக்குக் கல்யாணம். கொல்லிமலையில், எடப்புளி நாடு. "டேய், நீ கம்ப்யூட்டர்காரனாச்சே... பாட்டுக்கு ஏதாவது பண்ணேன்" என்றான். அவன் சும்மா சொன்னான். நான் சீரியஸாக எடுத்துக்கொண்டேன். என் வியாதியே அதுதான்!

இரண்டு வாரம் தூக்கம் கெட்டு ஒரு வெப் ஆப் செய்தேன். வந்தவர்கள் செல்போனில் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி, பிடித்த பாட்டுக்கு ஓட்டுப் போடலாம். அதிக ஓட்டு வாங்கியது அடுத்து ஒலிக்கும். ஸ்பாட்டிஃபை 2023-லேயே 'ஜாம்' என்று இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. இலங்கை வானொலிக்கு என் அப்பா தபால் கார்டு போட்டதும் கிட்டத்தட்ட இதற்குத்தான். இருந்தாலும் சொந்தச் சமையல் ருசி தனி இல்லையா சார்?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், வயிறும் இல்லை, சிக்னலும் இல்லை. நல்லவேளை, பாட்டெல்லாம் லேப்டாப்பிலேயே இருந்தது. அதையே சர்வராக்கி ஹாட்ஸ்பாட்டைப் போட்டேன். விண்டோஸ் ஹாட்ஸ்பாட்டில் 8 பேருக்கு மேல் நுழைய முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த எட்டும் மாப்பிள்ளையின் காலேஜ் கோஷ்டி. அதில் ஒருத்தன் பிரவுசரை மூடி மூடித் திறந்து ஒரே பாட்டுக்குப் பதினாறு ஓட்டுப் போட்டான்! குத்துப்பாட்டு, இன்னொரு குத்துப்பாட்டு, மறுபடி முதல் குத்துப்பாட்டு. வாசலில் இருந்த பெரிசுகள் ஒவ்வொன்றாக எழுந்து பலாமரத்தடிக்குப் போய்விட்டன. மாப்பிள்ளையின் பாட்டி உள்பட.

மைக் செட் அண்ணன் பக்கத்தில் வந்தார். "ஏந் தம்பி, உங்க மிஷின்ல கெழவிக்கு ஓட்டு கெடையாதா?"

அவர் சட்டைப் பையில் ஒரு கத்தை துண்டுச் சீட்டு. "வீட்டுக்கு ஒரு சீட்டு. எல்லாருக்கும் ஒரு ரவுண்டு முடிஞ்சாத்தான் அடுத்தது. அவ்ளோதான் தம்பி."

சுருக்கென்றது. இதைத்தானே காலேஜில் 'ரவுண்ட் ராபின்' என்று படித்துப் பரீட்சை எழுதினேன்! மாட்டுக்கொட்டகை ஓரமாக உட்கார்ந்து ஓட்டு எண்ணுகிற பகுதியையே தூக்கினேன். ஆளுக்கொரு வரிசை, சுற்றுக்கு ஒரு பாட்டு. போன் இல்லாதவர்களின் சீட்டை நானே டைப் அடித்தேன். அந்த ஒரு மணி நேரம் அண்ணனின் பென்டிரைவ்தான் மானத்தைக் காப்பாற்றியது.

பாட்டியிடம் போனேன். "உங்களுக்கு என்ன பாட்டு வேணும்?"

"உங்க தாத்தனோட சேந்தமங்கலம் கொட்டாயில பாத்தது... படம் பேரு தெரியல. சிவாஜி அழுவாரு."

சிவாஜி அழாத படம் எது? என் புரோகிராமில் அழுகையைத் தேட வழியில்லை. அண்ணன் நாலு கேள்வி கேட்டார். பென்டிரைவைத் துழாவினார். போட்டார்.

பாட்டி எழுந்து வாசலுக்கு வந்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பாட்டு முடிந்ததும், "இன்னொருக்கா போடு சாமி" என்றார்.

"ரவுண்டு முடியட்டும் ஆத்தா" என்றார் அண்ணன்.