கையெழுத்து யாருடையது?

கொஞ்சம் நீளமான பதிவு. கை வேலைகளை முடித்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

அடுத்த மாதம் எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொதுக்கூட்டம். புதிய நிர்வாகக் குழு தெரிவாக வேண்டும். அதை முன்னிட்டு ஆசிரியைகள் நாங்கள் சிலர் எங்களுக்குள் பேசிக்கொண்டவற்றைச் சேர்த்து இங்கே எழுதுகிறோம். "நாங்கள்" என்று எழுதுவதும் அதனால்தான். எவருடனும் சண்டைக்கு வரவில்லை. நாங்களும் இந்த ஊரின் பிள்ளைகள், மருமக்கள், உம்மாமார்தான்.

எங்கள் இடத்திலிருந்தே தொடங்குகிறோம். நாட்டின் அரச பாடசாலை ஆசிரியர்களில் நான்கில் ஏறக்குறைய மூன்று பேர் பெண்கள். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிறவர்களிலும் பெண்பிள்ளைகளே அதிகம். எங்கள் பாடசாலையின் வரவுப் பதிவேட்டைக் காலையில் திறந்தால் பக்கம் முழுக்கப் பெண்களின் கையொப்பம். பெற்றார் கூட்டத்துக்கு வருகிறவர்களும் உம்மாமார். சிரமதானத்துக்குத் தும்புத்தடியும் வாளியும் கொண்டு வருகிறவர்களும் உம்மாமார். ஆனால் சங்கத்தின் நிர்வாகக் குழுப் பட்டியலை எடுத்தால் பெண் பெயரைத் தேட வேண்டும். காசோலையில் வைக்கும் கையெழுத்தில் அதுவும் இல்லை.

இது மரியாதைப் பிரச்சினை மட்டும் என்றால் நாங்கள் எழுதியிருக்க மாட்டோம். சில வருடங்களுக்கு முன்னர் நலன்விரும்பிகள் தந்த பணத்தில் பாடசாலைக்கு முகப்பு வாயில் கட்டத் தீர்மானமானது. அழகான வாயில்தான். பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்குத் தண்ணீர் ஒழுங்காக வராத வருடமும் அதுதான். பெரிய வகுப்புப் பிள்ளைகள் மாதத்தில் சில நாட்கள் வீட்டில் நின்றுவிடுவார்கள். வகுப்பாசிரியைகள் எங்களுக்கு வரவு இடாப்பில் அது மாதாமாதம் தெரிந்தது. தீர்மானம் எடுத்தவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர்களுக்கு விஷயம் தெரியாது, அவ்வளவுதான். ஒரு பிள்ளை தன் வாப்பாவிடமோ அதிபரிடமோ போய்ச் சொல்லக்கூடிய விஷயமா அது? அந்த மேசையில் இரண்டு உம்மாமார் இருந்திருந்தால் வாயில் ஒரு வருடம் பிந்தியிருக்கும், தண்ணீர் முந்தியிருக்கும்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். நம் சமூகத்தில் பெண்ணின் உழைப்புக்கு எப்போதும் இடம் இருக்கிறது. அந்த உழைப்பைப் பற்றிய தீர்மானத்தில் அவளுடைய கையெழுத்துக்குத்தான் இடம் குறைவு. வீட்டிலும் அப்படி, நிக்காஹ்விலும் அப்படி, பிரதேச சபையிலும் அப்படி.

வீட்டை எடுத்துக்கொள்வோம். குடியியற் கல்விப் பாடத்தில் தரம் 9 பிள்ளைகளிடம், வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதச் சொன்னோம். ஒரு மகன் எழுதினார்: வாப்பா மீன் வியாபாரம், உம்மாவுக்கு வேலை இல்லை. கேட்டால், "உம்மா வீட்டதான் இரிக்கா டீச்சர்" என்றார். சரி, சுபஹிலிருந்து நீங்கள் தூங்கும் வரை வீட்டில் நடக்கும் ஒவ்வொரு வேலையையும், அதைச் செய்கிறவரையும் எழுதுங்கள் என்றோம். தண்ணீர் பிடிப்பது, தம்பியைக் குளிப்பாட்டுவது, வாப்பாவின் கணக்குக் கொப்பியைக் கூட்டிப் பார்ப்பது, மீன் பெட்டியைக் கழுவுவது, மூத்தம்மாவுக்கு மருந்து கொடுப்பது என்று பக்கம் நிறைந்துவிட்டது. மீன் வியாபாரத்தின் பாதியும் உம்மாவின் கையில்தான் இருந்தது.

அந்த மகனைக் குறை சொல்ல முடியாது. அரசாங்கத்தின் தொழிற்படைக் கணக்கும் அதே மாதிரித்தான். நாட்டில் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருப்பதாகச் சொல்கிறது. மீதிப் பெண்கள் சும்மா இருக்கிறார்களா? விடுமுறைச் சட்டத்தையும் பாருங்கள். அரச ஊழியரான தாய்க்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் பிரசவ விடுமுறை. தந்தைக்கு 3 நாள். தாய்க்கு அந்த 84 நாளும் வேண்டும், அதில் கேள்வியில்லை. ஆனால் பிள்ளை வளர்ப்பு யாருடைய பொறுப்பு என்பதையும் அந்த 3 நாள் எழுத்தில் சொல்லிவிடுகிறது.

சம்பளம் எடுக்கும் எங்களுக்கு நிலைமை வேறா? இரண்டு மணிக்குப் பாடசாலை விட்டு வந்தால் இரண்டாவது வேலை தொடங்குகிறது. "வீட்டு வேலை செய்தால் ஆம்பிளைக்கு மரியாதை போய்விடும்" என்று சொல்கிற சகோதரர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறோம். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா ரழியல்லாஹு அன்ஹா அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் போவார்கள் என்பது அவர்கள் தந்த பதிலின் கருத்து. புகாரியில் வரும் ஹதீஸ். மிம்பரில் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்த நாமே குசினிக்குள் கால் வைக்கத் தயங்குகிறோம்.

எங்கள் கிழக்குக் கரைக்கு இன்னொரு வழமை உண்டு. வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். குடியும் உம்மா வழியாகத்தான் வருகிறது. வெளியூர்ச் சிநேகிதிகளிடம் இதைச் சொன்னால் அதிசயப்படுவார்கள். ஆனால் பள்ளிவாசலில் அந்தக் குடியின் சார்பில் உட்காரும் மரைக்காயர் எப்போதும் ஆண். குடி உம்மாவிடமிருந்து வருகிறது, கதிரை மாமாவுக்குப் போகிறது.

அந்த வீடு எப்படி எழும்புகிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும். மகளுக்குக் கல்வீடு கட்ட வேண்டும் என்பதற்காக எத்தனை உம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் போய்த் தங்கள் இளமையை அங்கே விட்டுவிட்டு வந்தார்கள்? எங்கள் வகுப்புகளில் மூத்தம்மாவிடம் வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2013இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டு வந்தது. வீட்டுப் பணிக்கு வெளிநாடு போகும் தாய் பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போகிறாள் என்று காட்ட வேண்டியிருந்தது, கணவரின் சம்மதமும் தேவைப்பட்டது. பிள்ளைகளின் பாதுகாப்பு முக்கியம்தான். ஆனால் வெளிநாடு போகும் தந்தையிடம் மனைவியின் சம்மதத்தை எந்த அலுவலகமும் கேட்கவில்லை.

நிக்காஹ் விஷயத்துக்கு வருகிறோம். இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும், ஆனாலும் எழுதாமல் விட முடியாது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் மணமகள் கையெழுத்து வைக்க வேண்டும் என்று இல்லை. வலி வைத்தால் போதும். காதியாக ஓர் ஆண்தான் இருக்கலாம், பதிவாளரும் அப்படியே. ஒரு முஸ்லிம் பெண் சட்டம் படித்து இந்த நாட்டின் நீதிமன்றங்களில் நீதிபதியாகலாம், தன் ஊரில் காதியாக முடியாது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் பலஸ்தீனத்திலும் ஷரீஆ நீதிமன்றங்களில் பெண் நீதிபதிகள் இருக்கிறார்கள். அவர்களும் முஸ்லிம்கள்தான்.

திருத்தம் பற்றி ஆராய 2009இல் ஒரு குழு நியமிக்கப்பட்டது. அறிக்கை வந்தது 2018இல். 2009இல் பிறந்த பிள்ளை அதற்குள் தரம் 4க்கு வந்துவிட்டது. அறிக்கை கொடுத்தவர்களும் இரண்டாகப் பிரிந்துதான் கொடுத்தார்கள். அதன் பிறகும் பேசிக்கொண்டே இருக்கிறோம். பிள்ளையின் தாபரிப்புக்காகக் காதி நீதிமன்ற வாசலில் காத்திருந்து வரும் உம்மாமாரை நாங்கள் பார்க்கிறோம். அந்த மாதங்களில் அவர்களின் பிள்ளைகள் கொப்பி இல்லாமல் வகுப்புக்கு வருவார்கள். வீட்டுக்குள் நடந்ததை ஆண்கள் நிறைந்த அறையில் வாய் திறந்து சொல்வது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது, அங்கே தன் மகளுக்குத் துணையாகப் போய் வந்த வாப்பாமாருக்கும் தெரியும்.

அடுத்தது அரசியல். இலங்கையில் 1931இல் ஆண்களோடு சேர்ந்தே பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்துவிட்டது. 1960இல் உலகின் முதல் பெண் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. 2024இல் ஹரிணி அமரசூரிய பிரதமரானார். கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் அதே 2024இல் தெரிவான பாராளுமன்றத்தில் 225 பேரில் பெண்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வந்தவர்களிலும் பலர் கணவரின் மையித்துக்குப் பின்னால் வந்தவர்கள். சிறிமாவோவும் அப்படித்தான். எங்கள் மாவட்டத்திலிருந்து 2000இல் பாராளுமன்றம் போன பேரியல் அஷ்ரப் அவர்களும், தலைவர் அஷ்ரப் அவர்கள் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த பிறகுதான் போனார்கள். அவர்களின் சேவையை நாங்கள் குறைக்கவில்லை. ஆனால் சொந்த வேலையின் பெயரால் சபைக்குப் போன முஸ்லிம் பெண்ணும் இந்த நாட்டில் இருந்திருக்கிறார். கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராக இருந்த ஆயிஷா ரவூப் 1949இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார், பின்னர் பிரதி மேயராகவும் இருந்தார். ஓர் ஆசிரியை. எழுபத்தைந்து வருடங்களுக்கு முன்னர். "இது நமக்குப் புதிது" என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

உள்ளூராட்சி சபைகளில் முன்னர் நூற்றுக்கு இரண்டு பேரளவில்தான் பெண்கள் இருந்தார்கள். சட்டம் திருத்தி நூற்றுக்கு 25 என்று ஆக்கிய பிறகு 2018 தேர்தலில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் பெண்கள் தெரிவானார்கள். எங்கள் பக்கத்திலும் முன்பள்ளி நடத்தும் ஒரு ராத்தா பட்டியலில் பெயர் கொடுத்தார். சுவரொட்டியில் அவருடைய முகம் இல்லை, கணவரின் படம் இருந்தது. ஊரில் பாதிப் பேர் கணவர்தான் கேட்கிறார் என்று நினைத்தார்கள்.

ஆனால் சபைக்குப் போன பிறகு அவர் செய்ததைப் பார்க்க வேண்டும். மஃரிபுக்குப் பிறகு ரியூஷன் விட்டு வரும் பிள்ளைகள் நடக்கும் ஒழுங்கையில் விளக்கு எரியாமல் கிடந்தது. அவர் ஒரு கொப்பியோடு நடந்து, எரியாத ஒவ்வொரு கம்பத்தையும் எழுதிக்கொண்டு போய்க் கூட்டத்தில் வைத்தார். விளக்கு வந்தது. அந்த ஒழுங்கையால் போக மாட்டோம் என்று மாலை வகுப்பை விட்டிருந்த பிள்ளைகள் திரும்பவும் வந்தார்கள். தெருவிளக்கு, குப்பை, வடிகான், நூலகம், முன்பள்ளி எல்லாம் உள்ளூராட்சி சபையின் வேலைகள். குப்பை உழவு இயந்திரம் இரண்டு கிழமை வராவிட்டால் வாசலில் அந்த மணத்தோடு இருப்பது யார்? அதைப் பற்றிப் பேச அவளைவிடத் தகுதியானவர் யார்?

இரண்டு வருடம் ஆகும்போது கட்சிக்காரர்கள் வந்து, விலகி அடுத்த சகோதரிக்கு இடம் கொடுங்கள் என்றார்கள். பெண்களின் ஆசனத்தைச் சீட்டுப் பிடிப்பது போல ஆளுக்கொரு தவணையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அதே கட்சியின் ஆண் உறுப்பினர்களிடம் யாரும் இப்படிக் கேட்கவில்லை. அவர் விலகினார். புதிதாக வந்த சகோதரி சபையின் ஒழுங்குகளைப் படித்து முடிப்பதற்குள் தவணை முடிந்துவிட்டது. இருபத்தைந்து வீதம் கணக்கில் சரியாக இருந்தது. ஆனால் ஒரு பெண்ணும் அங்கே வேர் பிடிக்கவில்லை.

"தலைமை ஆண்களுக்குரியது, மார்க்கம் அப்படித்தான் சொல்கிறது" என்பார்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையில்லை, அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். ஹுதைபிய்யாவில் நடந்ததை மட்டும் யோசித்துப் பாருங்கள். உடன்படிக்கை எழுதிய பிறகு, குர்பானி கொடுத்துத் தலைமுடி களையும்படி நபியவர்கள் சொல்லியும் ஸஹாபாக்கள் கவலையில் எழும்பாமல் இருந்தார்கள். யாரிடமும் பேசாமல் நீங்களே முதலில் செய்யுங்கள் என்று ஆலோசனை சொன்னவர் உம்மு ஸலமா ரழியல்லாஹு அன்ஹா. நபியவர்கள் அப்படியே செய்தார்கள், எல்லாரும் எழும்பினார்கள். ஒரு சமூகம் முழுவதும் திகைத்து நின்ற நேரத்தில் ஒரு பெண்ணின் ஆலோசனை கேட்கப்பட்டது, ஏற்கப்பட்டது.

இனி எங்கள் வேண்டுகோள்.

அபிவிருத்திச் சங்கப் பொதுக்கூட்டத்தை இஷாவுக்குப் பிறகு வைக்காதீர்கள். சோறு போடுவதும் பிள்ளையைத் தூங்க வைப்பதும் அந்த நேரத்தில்தான். பாடசாலை விட்டதும் வையுங்கள், உம்மாமார் வருவார்கள். நிர்வாகக் குழுவுக்குப் பெயர் முன்மொழியும்போது பாதிப் பெயராவது பெண்களுடையதாக இருக்கட்டும். தேநீர்க் குழு, அலங்காரக் குழு என்று ஒதுக்க வேண்டாம். கணக்கு, கட்டடம் இரண்டிலும் இருக்க வேண்டும், காசோலையில் ஒரு பெண்ணின் கையெழுத்தும் வேண்டும். உம்மாமாரே, பெயர் சொன்னால் வெட்கப்பட்டு எழும்பிப் போய்விடாதீர்கள். வாப்பாமாரே, அந்த இரண்டு மணித்தியாலம் சின்னப் பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு நிக்காஹ் வைக்கும் குடும்பங்களே, சட்டம் கேட்காவிட்டால் என்ன? "எனக்குச் சம்மதம்" என்று ஒரு தாளில் மகளின் கையெழுத்தை வாங்கிப் பதிவோடு வைக்க எவரும் தடையில்லை. கட்சிக்காரச் சகோதரர்களே, அடுத்த முறை ஒரு சகோதரியை நிறுத்தினால் அவருடைய பெயரைப் பெரிதாகப் போடுங்கள், தவணை முடியும் வரை இருக்க விடுங்கள்.

கூட்டத் திகதி வந்ததும் இங்கேயே போடுகிறோம். இதை வாசிக்கிற சகோதரர்கள் வீட்டிலுள்ள பெண்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள், அன்று கூட்டிக்கொண்டு வாருங்கள். நிகழ்ச்சி நிரலில் பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்குத் தண்ணீர்த் தாங்கி வைக்கும் விஷயத்தை முதலாவதாகப் போடும்படி எழுத்தில் கொடுத்திருக்கிறோம். அதை முன்மொழிய ஓர் உம்மாவும் வழிமொழிய ஒரு வாப்பாவும் தேவை.