பிரித்துப் பின்னிய நூல்

கோவை வெயிலில் கம்பளி நூலும் ஊசியுமாக அமர்ந்திருக்கும் எம்மைக் கண்டு நகைப்போர் உண்டு. "திருப்பூர் பக்கத்திலிருக்க, கையால் பின்னுவானேன்?" என்பர். விடை வால்பாறையில் கிடைத்தது.

ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சுமார் 3,500 அடி உயரத்தில், தேயிலைத் தோட்ட விடுதியொன்றின் முற்றத்தில் கூடாரமிட்டுத் தங்குவது எமக்கும் எம் கணவருக்கும் ஆண்டு வழக்கம். ஒன்பதாம் வளைவில் வண்டியை நிறுத்தி வரையாடுகளைத் தேடுவார். சென்ற மார்கழியில் அவரின்றி, மகள் துணையுடன் சென்றோம். முழங்கை இற்றுப்போன அவரது கம்பளிச் சட்டையும் உடன் வந்தது.

கூடார வாயிலில் அமர்ந்து அதைப் பிரித்தோம். முதற் கண்ணியை அவிழ்க்கையில் கை நடுங்கிற்று. அவரையே அவிழ்ப்பதாகத் தோன்றியது. பிரிந்த நூலோ பழைய நெளிவை விட மறுத்தது. நீரில் நனைத்து, கல்லைக் கட்டி வெயிலில் தொங்கவிட்டோம், மெல்ல நேரானது.

மூன்றாம் இரவு குல்லாய் ஒன்று முடிந்தது. பனியில் காவலிருந்த முதியவரிடம் நீட்டினோம். காதுவரை இழுத்து அணிந்து, "கதகதப்பா இருக்குதுங்க அம்மா" என்றார்.

திருப்பூர் இயந்திரங்கள் இதைப் பின்னித் தரா. பெட்டியில் பூட்டியிருந்தால் அந்துப்பூச்சி அரித்திருக்கும். அன்றிரவு, பல மாதங்களுக்குப் பின், நன்றி கூறிச் செபித்து உறங்கினோம்.