மீனை மட்டும் பார்த்தவன்

சண்டே கிளாஸில் எனக்குத் தெரிந்த யோனா, திமிங்கலத்தின் வயிற்றுக்குள் முட்டி போட்டு ஜெபம் பண்ணும் ஒரு தாடிக்காரர். கலர் அடித்துக் கொடுத்து டீச்சரிடம் ஸ்டாரும் வாங்கியிருக்கிறேன். கதை அவ்வளவுதான்னு நினைச்சேன்.

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட். நாலு பேர் டீம். ஒருத்தன் ரெண்டு மாசம் ஆளையே காணோம். ஃபைனல் ரிவ்யூவுக்கு முந்தின நாள் வந்து கைடு முன்னாடி அழுதான். அவரும் மன்னித்து, எங்களோடு நிற்க விட்டார். நாலு பேருக்கும் ஒரே மார்க். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வாரம்தான் சிஸ்டைன் சேப்பல் கூரை ஓவியங்களை இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். 1512இல் மைக்கேலாஞ்சலோ வரைந்து முடித்தது. பீடத்துக்கு நேர் மேலே யோனா. தாடி இல்லை, ஜெபமும் இல்லை. பின்னால் சாய்ந்து, மேலே பார்த்து யாரிடமோ சண்டை போடுகிற மாதிரி எனக்குப் பட்டது. மீன் ஓரமாக, சின்னதாக இருக்கிறது. "இவருக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று தேடப் போனேன்.

ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய யோனாவை எடுத்துக்கொண்டிருக்கிறது. எபிரேய மூலத்தில் இருப்பது வெறும் 'பெரிய மீன்'. கிரேக்க மொழிபெயர்ப்பில் அது 'கீட்டோஸ்', அதாவது கடல் பூதம். அதனால் ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில், 3ஆம் நூற்றாண்டு ஓவியங்களில், வால் சுருண்ட டிராகன் போன்ற ஒன்று அவரை விழுங்குகிறது. பக்கத்திலேயே சுரைப்பந்தலின் கீழ் அவர் நிம்மதியாகப் படுத்திருக்கிறார். உயிர்த்தெழுதலின் அடையாளம் அது. யூதர்கள் யோம் கிப்பூர் அன்று மாலை வாசிப்பது மனந்திரும்புதலுக்காக. இஸ்லாத்தில் அவர் யூனுஸ் நபி. 1400 வாக்கில் ஈரானில் வரைந்த ஓவியத்தில் மீன் கெண்டை மாதிரி இருக்கிறது.

அந்தச் செடிக்குக்கூட ஒரு சண்டை நடந்திருக்கிறது! ஜெரோம் 'சுரை' என்பதை 'ஐவி' என்று மாற்றி மொழிபெயர்க்க, இன்றைய லிபியாவில் ஒரு சபையே கொந்தளித்ததாக அகஸ்டின் அவருக்குக் கடிதம் எழுதினார். நம் தமிழ் பைபிளில் அது ஆமணக்கு.

கடைசியில் புத்தகத்தையே படித்தேன். நாலே அதிகாரம். மீன் ரெண்டாவதிலேயே முடிந்துவிடுகிறது. மீதிக் கதை, நினிவே மன்னிக்கப்பட்டதே என்று யோனா கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. நிழல் தந்த ஆமணக்கு வாடியதற்கு வருந்துகிறார். "நீ நடாத செடிக்கே இவ்வளவு வருத்தம் என்றால், 1,20,000 பேருக்கு மேல் இருக்கும் ஊருக்காக நான் பரிதபிக்கக் கூடாதா?" என்பது போல் கடவுள் கேட்கிறார். அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிகிறது. யோனாவின் பதில் இல்லை.

படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். ரெண்டு மாசம் அவன் எங்கே போனான், வீட்டில் என்ன பிரச்சினை என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மார்க்கை மட்டும்தான் பார்த்தேன்.

"ரிப்போர்ட் பைண்டிங்குக்கு நானும் வரவாடா?" என்ற அவன் மெசேஜ் நாலு நாளாகப் பதில் இல்லாமல் கிடந்தது.

"வா. போற வழியில டீ குடிச்சிட்டுப் போலாம்"னு அனுப்பினேன்.